போர்ப் படம் பார்ப்பது எப்படி: நடந்ததையும் நாடகமாக்கியதையும் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

போர்ப் படம் முடிந்து வெளியே வரும்போது எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?" நியாயமான கேள்வி. ஆனால் மொத்தமாக அப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒரே படத்தில் சட்டைப் பொத்தான் வரை சரியாக இருக்கும், கதையின் நடுவில் இருக்கும் சம்பவமோ முழுக்கக் கற்பனையாக இருக்கும். இன்னொரு படத்தில் டாங்கி தப்பு, விமானம் தப்பு, ஆனால் அந்தப் போரில் மாட்டிக்கொண்டவன் என்ன அனுபவித்தான் என்பது அச்சு அசலாக வந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற விவரம் எவ்வளவு துல்லியமோ, கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களை நாம் அவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம் என்பது என் கருத்து. அதனால் சோதனையை மேலே இருந்து தொடங்கி, உடை, ஆயுதம், ஓசை, காலம், மனிதர்கள், காரணம் என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்க வேண்டும். கீழே போகப் போகத்தான் விஷயம் கனமாகும்.

படி 1: படத்துக்கு முன் அரை மணி நேரம்

எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தெந்தப் படைகள், இரு பக்கமும் சுமாராக எத்தனை பேர் இறந்தார்கள். இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். வேறு எதுவும் வேண்டாம், விமர்சனம் படிக்க வேண்டாம்.

"உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்று திரையில் வரும் வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தழுவல் என்பது எவ்வளவு தூரம் வரை போகலாம் என்பதற்கு 1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' நல்ல உதாரணம். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த நைலண்ட் குடும்பத்தில் நான்கு சகோதரர்கள் போருக்குப் போனார்கள். 1944 ஜூன் 6, 7 தேதிகளில் பிரான்ஸின் நார்மண்டியில் இருவர் இறந்தார்கள். பர்மாவில் விமானத்தோடு வீழ்ந்த மூன்றாமவரும் இறந்துவிட்டதாகவே நினைத்தார்கள். அதனால் கடைசித் தம்பி ஃப்ரிட்ஸை ஊருக்கு அனுப்பிவைத்தது ராணுவம். படத்தில் வருவது போல அவரைத் தேடி எட்டுப் பேர் எதிரிப் பகுதிக்குள் போகவில்லை. அந்தப் பயணம் முழுக்கக் கதாசிரியரின் கற்பனை. இறந்ததாக எண்ணிய சகோதரர் ஜப்பானியரின் கைதி முகாமில் உயிரோடு இருந்து பிறகு வீடு திரும்பினார். படத்தில் வரும் ரமெல் என்ற ஊரும் வரைபடத்தில் கிடையாது.

படி 2: வெடியைக் கவனியுங்கள், பிறகு நேரத்தை

மேல்தோலைச் சோதிக்க ராணுவ அறிவு தேவையில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி குண்டு வெடித்தால் ஒளி உடனே தெரியும், ஓசை வந்து சேர ஏறக்குறைய 3 நொடி ஆகும். பெரும்பாலான படங்களில் இரண்டும் ஒன்றாகவே வரும். தாமதமாக வந்தால் பார்வையாளர் அதை ஒலிப்பதிவின் கோளாறு என்று எடுத்துக்கொள்வார் என்ற பயம்தான் காரணம். அப்புறம் நிறம். படங்களில் எறிகுண்டு வெடித்தால் ஆரஞ்சு நெருப்புப் பந்து எழும்பும்; அது பெட்ரோல் எரிகிற நிறம். உண்மையான எறிகுண்டு வெடித்தால் ஒரு கணப் பளிச்சும், தூசும், சாம்பல் நிறப் புகையும்தான். ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் உலோகச் சில்லுகள்.

மறுபடியும் அதே ரயன் படத்துக்கு வருவோம். நார்மண்டியில் அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கடற்கரைக் காட்சியைப் பார்த்த முன்னாள் வீரர்கள் பலர் நிலைகுலைந்து போனார்கள் என்பது நாடறிந்த விஷயம். அவ்வளவு நெருக்கமாக எடுத்த காட்சியிலும் பிசகுகள் உண்டு. தண்ணீருக்குள் நன்றாக மூழ்கிய வீரர்களைத் தோட்டாக்கள் துளைத்துக்கொண்டு போகின்றன. ஆனால் வேகமாக வரும் ரைஃபிள் தோட்டா நீரில் ஒரு மீட்டர் அளவிலேயே கொல்லும் வலுவை இழந்துவிடும். படத்தில் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள் நேராகக் கடலைப் பார்த்துச் சுடுகின்றன. அங்கிருந்த பல காப்பரண்கள் கடற்கரையை நீளவாக்கில், பக்கவாட்டிலிருந்து சுடும்படி கட்டப்பட்டவை. ரேஞ்சர் என்ற அமெரிக்கச் சிறப்புப் படையினரைக் கரைக்குக் கொண்டுவந்த படகுகளும் உண்மையில் பிரிட்டிஷ் கடற்படையினுடையவை. கடைசிச் சண்டையில் வரும் டைகர் டாங்கி, சோவியத் டி-34இன் அடிப்பகுதி மேல் கட்டிய பொம்மை. சக்கரங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவையெல்லாம் எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. நேரத்தைச் சுருக்கியதுதான் இவற்றைவிட ஆழமான மாற்றம். படத்தில் 25 நிமிடத்துக்குள் கரையில் வழி திறந்துவிடுகிறது. உண்மையில் காலை 6.30க்குத் தொடங்கிய அந்தச் சண்டை நண்பகல் வரை எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியாமல் இழுத்தது. மணிக்கணக்கில் கடல் சுவரின் கீழ் ஒண்டிக்கிடந்ததுதான் அங்கே போனவர்களின் அனுபவம். அந்தக் காத்திருப்பை எந்தப் படமும் முழுதாகக் காட்டிவிட முடியாது. அதனால் எந்தப் போர்ப் படத்திலும், "இந்தக் காட்சி உண்மையில் எவ்வளவு நேரம் நடந்தது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

படி 3: "நிஜம் போலத் தெரிகிறது" என்றால் கேமராவைச் சந்தேகியுங்கள்

ஒமாஹா காட்சி ஏன் அவ்வளவு நிஜமாகத் தெரிகிறது? ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி லென்ஸ்கள் மேலிருந்த பாதுகாப்புப் பூச்சை நீக்கச் செய்தார். ஒளி சிதறி, படம் பழைய கேமராவில் எடுத்தது போல ஆனது. கேமராவுக்குள் ஒளியை விடும் மூடியான ஷட்டர் வழக்கமாக 180 டிகிரி திறந்திருக்கும்; அதை 90, 45 டிகிரி என்று குறுக்கினார். இதனால் ஒவ்வொரு பிரேமிலும் அசைவின் மங்கல் குறைந்து, தெறிக்கும் மண் துகள் துகளாகத் தெரிகிறது, ஓடுபவன் வெட்டி வெட்டி ஓடுகிறான். நிறத்தையும் மங்கவைத்தார்கள். மனிதக் கண் போரை இப்படிப் பார்க்காது. பழைய செய்திப்படம்தான் இப்படி இருக்கும். போர் என்றால் நம் நினைவில் இருப்பது செய்திப்படம், அதனால் அதுவே நிஜம் என்று ஒத்துக்கொள்கிறோம்.

அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தைச் சொல்லும், 1966இல் வந்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' இதைவிடத் தெளிவான சான்று. கறுப்பு வெள்ளை, கையில் பிடித்த கேமரா, பெரும்பாலும் தெருவில் வாழ்ந்த சாதாரண மக்களே நடிகர்கள். இதில் ஒரு அடிகூடச் செய்திப்படம் கிடையாது என்று அமெரிக்க வெளியீட்டில் எழுத்தில் போட வேண்டி வந்தது, அவ்வளவு நம்பகமாக இருந்தது படம். பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கும் கர்னல் மாத்தியு பல அதிகாரிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். எதிர்ப்பக்கத் தலைவராக நடித்த யாசெஃப் சாதி நிஜமாகவே அந்தப் போராட்டத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். நடந்ததும் நடித்ததும் ஒரே ஆளுக்குள் கலந்திருக்கும்போது எது எது என்று பிரிப்பது லேசல்ல. படத்தின் நேர்மை மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் அது ஆவணம் ஆகிவிடாது.

படி 4: சுருக்கியதை மன்னியுங்கள், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள்

ஆயிரக்கணக்கானவர்கள் பங்கெடுத்த ஒரு போரை இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் ஆட்களைச் சேர்த்தும் நாட்களைக் குறைத்தும்தான் ஆக வேண்டும். 1993இல் சோமாலியாவில் அமெரிக்கர்கள் மாட்டிக்கொண்ட சண்டையைச் சொல்லும் 'பிளாக் ஹாக் டவுன்' படத்தில் தலைக்கவசத்தில் பெயரை எழுதிவைத்தது, ஒரே மாதிரி மொட்டையடித்த முகங்களை நாம் அடையாளம் காண்பதற்காக. பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய நேசநாட்டுப் படைகளை மீட்டதைச் சொல்லும் 'டன்கிர்க்' படத்தில் ஜெர்மானிய விமானங்களின் மூக்கில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். அந்த மஞ்சள் நிஜத்தில் டன்கிர்க்குக்குப் பிறகுதான் வந்தது, ஆனால் வானத்தில் எது யாருடையது என்று ஒரு நொடியில் புரியவேண்டுமே. சரி, போகட்டும்.

அதே படத்தில் கப்பல் துறையில் நின்று ஆட்களை ஏற்றிவிடும் கமாண்டர் போல்ட்டன் கற்பனை. அந்த வேலையை உண்மையில் செய்த ஜேம்ஸ் கேம்ப்பெல் கிளவுஸ்டன் அந்த மீட்புப் பணியின்போதே இறந்துபோனார். சிறு படகுகள் வரிசையாக வந்து சேரும் காட்சிதான் படத்தின் உணர்ச்சி உச்சம். 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை மீட்கப்பட்ட 3,38,226 பேரில் ஏறக்குறைய 2,39,000 பேர் துறைமுகத்திலிருந்தும் அலைதடுப்புச் சுவரிலிருந்தும் கப்பல் ஏறியவர்கள். கடற்கரையிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது பொய் கிடையாது, அழுத்தத்தின் இடமாற்றம். இந்த வகையை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 5: யார் சாகிறார்கள் என்று பாருங்கள்

நாடகமாக்கலின் மிகப் பெரிய ஆசை மரணம்தான். 1997இல் வெளியான 'பார்டர்' லோங்கேவாலா எல்லைச் சாவடியில் நடந்த சண்டையைச் சொல்கிறது. 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் பாலைவனம், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் பஞ்சாப் ரெஜிமெண்டின் சுமார் 120 பேர். எதிரே பாகிஸ்தானின் டாங்கிப் படை. படத்தில் ஒருவர் பின் ஒருவராக நம் வீரர்கள் சாகிறார்கள். உண்மையில் அந்தச் சாவடியில் இறந்த இந்திய வீரர்கள் இருவர்.

படத்தில் சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் பாத்திரம் வீரமரணம் அடைகிறது. உண்மையான பைரோன் சிங் ராத்தோர், எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர், அந்தச் சண்டையில் பிழைத்து, படம் வந்தபிறகும் 25 வருடம் வாழ்ந்து 2022 டிசம்பரில்தான் காலமானார். உயிரோடு இருக்கும் ஒருவரைத் திரையில் கொல்வது சின்ன விஷயமா?

அதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது வேறு. அந்த இரவு ஒரு புத்திசாலித்தனமான தற்காப்பு. சாவடியைச் சுற்றியிருந்த முள்கம்பியைப் பார்த்த எதிரி, கண்ணிவெடி இருக்கும் என்று சந்தேகித்துத் தயங்கி நின்றதில் நேரம் போனது. கனத்த வண்டிகள் மணலில் சிக்கின. ஜெய்சல்மேரிலிருந்த ஹண்டர் விமானங்களால் இருட்டில் தாக்க முடியாது, ஆகவே விடியும் வரை தாக்குப்பிடிப்பது ஒன்றே வேலை. விடிந்ததும் விமானங்கள் வந்து மறைவே இல்லாத மணலில் நின்ற டாங்கிகளை அடித்தன. அதிகம் ஆட்களை இழக்காமல் நின்றதுதான் அந்தக் கம்பெனியின் சாதனை. படம் அதைத் தியாகக் கதையாக மாற்றியதில் சாதனையே மறைந்துவிட்டது. ஆகவே நோட்டில் நீங்கள் முதலிலேயே எழுதிய இறப்பு எண்ணிக்கையை இங்கே எடுத்து ஒப்பிடுங்கள்.

படி 6: காரணத்தை மாற்றினார்களா?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். கதை தாய்லாந்தில் நடப்பது, எடுத்தது இலங்கையில், கித்துல்கல அருகே களனி ஆற்றில். பாலத்தை நிஜமாகவே கட்டி, நிஜ ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேல்தோலில் அதைவிட நிஜம் வேறு என்ன வேண்டும்?

கதைக்கு வாருங்கள். பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், கைதியாக இருந்தும், தன் ஆட்களின் திறமையைக் காட்டவேண்டும் என்ற வெறியில் ஜப்பானியருக்கு நல்ல பாலம் கட்டிக்கொடுக்கிறார். பாலம் கட்டத் தெரியாமல் ஜப்பானியப் பொறியாளர்கள் திணறுகிறார்கள். இரண்டுமே தலைகீழ். பாலம் இருந்த தாய்லாந்து-பர்மா ரயில் பாதையைத் திட்டமிட்டவர்கள் ஜப்பானிய ராணுவப் பொறியாளர்கள்தான். தாமர்கான் முகாமில் முதலில் மரப்பாலம், பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகளை வைத்து இன்னொரு பாலம் என இரண்டு கட்டினார்கள். அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய ஃபிலிப் டூஸி, தன் ஆட்களை எப்படியாவது உயிரோடு வைத்திருக்கப் பாடுபட்டவர். கைதிகள் கரையான்களைப் பிடித்துக்கொண்டு வந்து மரத்தூண்களில் விட்டார்கள், கான்கிரீட் கலவையைக் கெடுத்தார்கள். பாலத்தைத் தகர்த்தது கமாண்டோக்களின் வெடியும் இல்லை; 1945இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டன. படத்தைப் பார்த்து டூஸியின் முகாமில் இருந்தவர்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியம் உண்டா?

நிக்கல்சன் பாத்திரம் கலையாகப் பார்த்தால் அபாரம். கடமை வெறியாக மாறும் விதத்தை அவ்வளவு நுட்பமாகக் காட்டிய நடிப்பு குறைவு. ஆனால் உலகம் முழுக்க அதை அந்தப் பாலத்தின் வரலாறாக எடுத்துக்கொண்டது. எந்த அளவுக்கு என்றால், நிஜப் பாலம் நின்றது மே க்லோங் ஆற்றின் மேல். குவாய் ஆற்றைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டே இருந்ததால், 1960களில் அந்தப் பகுதி ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றினார்கள். ஒரு மனிதர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதை மாற்றினால் விளைவு இவ்வளவு தூரம் போகும்.

படி 7: யாரைக் காணவில்லை?

அதே படம், இன்னும் கடினமான கேள்வி. அந்த ரயில் பாதை தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல், அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்கு இருக்கலாம். அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரிய கூட்டம் தோட்டத் தமிழர்கள். ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர்களை நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றியும் கொண்டுபோனார்கள். மலேசியத் தமிழர்கள் இன்றும் அதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள்.

கைதிகள் மத்தியில் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்கவேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது, இறந்தவர் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு இது எதுவும் கிடையாது. 1943இல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். பாலம் இருக்கும் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000, வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. ரயில் பாதை போட்டுச் செத்த தமிழனுக்கு அப்படித் தனிக் கல் கிடையாது. படத்திலும் அவன் இல்லை.

படத்தில் ஆளில்லாமல் போவதற்கும் ஆவணத்தில் பெயரில்லாமல் போவதற்கும் தொடர்பு இருக்கிறது. எழுதிவைத்தவர்களின் நினைவுதான் கதையாகிறது, கதையானதுதான் படமாகிறது. அதனால் எந்தப் போர்ப் படம் பார்த்தாலும் சோறு சமைத்தது யார், சுமை தூக்கியது யார், அந்த ஊரில் முன்பு குடியிருந்தது யார் என்று தேடுங்கள். டன்கிர்க் கடற்கரையில் கோவேறு கழுதைகளோடு பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவினர் இருந்தார்கள், படத்தில் இல்லை. 1993இல் சோமாலியாவின் மொகதிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்களை மீட்கக் கவச வண்டிகளை ஓட்டிப்போனவர்கள் மலேசிய வீரர்கள். அதில் ஒரு மலேசியர் உயிரிழந்தார். 'பிளாக் ஹாக் டவுன்' அவர்களுக்குக் கொடுத்த இடம் மிகக் குறைவு என்ற கோபம் மலேசியாவில் இருந்தது.

படி 8: டாங்கி யார் கொடுத்தது?

இது சின்னப் படி. போர்க்கப்பலும் ஹெலிகாப்டரும் வாடகைக்கு எளிதில் கிடைக்காது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உதவ வேண்டுமானால் முதலில் திரைக்கதையைப் படித்துப் பார்க்கும். பிடிக்காததை மாற்றச் சொல்லும், இல்லையென்றால் கை விரிக்கும். வியட்நாம் போரைச் சொல்லும் 'அபோகலிப்ஸ் நவ்' அந்த உதவி இல்லாமல் பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் ஹெலிகாப்டர்களை வைத்து எடுத்த படம். அந்த ஊர்க் கிளர்ச்சியாளர்களை அடிக்க அவை படப்பிடிப்பின் நடுவிலேயே பறந்துபோய்விடும். படத்தின் கடைசியில் நன்றி அறிவிப்பு ஓடும்போது எழுந்து போகாமல் படியுங்கள்.

படி 9: நம்ப முடியாததுதான் சில சமயம் நிஜம்

இதுவரை சொன்னதை வைத்து நாடகம் என்றாலே பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1985இல் எலெம் கிளிமோவ் எடுத்த 'கம் அண்ட் சீ' பெலாருஸில் 1943இல் நடக்கிறது. குண்டு வெடித்த பிறகு நாயகனான பையனின் காதில் வரும் ரீங்காரத்தை நிமிடக்கணக்கில் நாமும் கேட்கிறோம், பேச்சு எதுவும் புரிவதில்லை. சில நாட்களுக்குள் அவன் முகம் கிழவன் முகமாகச் சுருங்கிவிடுகிறது. உடற்கூறுப்படி அப்படி நடக்காது. ஆனால் 1943 மார்ச் 22 அன்று காத்தின் கிராமத்தில் நாஜிப் படையினர் மக்களைத் தொழுவத்தில் அடைத்து எரித்தார்கள், இறந்தவர்கள் 149 பேர். அதைப்போல மக்களோடு அழிந்த கிராமங்கள் 628 என்று படம் எழுதிக்காட்டுகிறது. அவற்றிலிருந்து பிழைத்து வந்த ஒரு குழந்தைக்கு உலகம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அந்த மிகையான முகம்தான் சொல்கிறது. நான் பார்த்த போர்ப் படங்களில் உண்மைக்கு மிக நெருங்கியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மிகையை எடைபோட ஒரு கேள்வி போதும்: அது பாதிக்கப்பட்டவர் அனுபவத்துக்குக் கிட்டே கொண்டுபோகிறதா, அல்லது பார்க்கிற நமக்கு ஆறுதல் தருகிறதா?

படி 10: ஒரே போர், இரண்டு படம்

பழகுவதற்கு ஒரு ஜோடி சொல்கிறேன். கிளிண்ட் ஈஸ்ட்வுட் 2006இல், ஜப்பானியத் தீவான இவோ ஜிமாவில் நடந்த சண்டை பற்றி இரண்டு படம் எடுத்தார். 'ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' அமெரிக்கர்கள் பக்கம், 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' ஜப்பானியர் பக்கம், அவர்கள் மொழியிலேயே. அடுத்தடுத்த நாளில் பார்த்தால் ஒன்றில் முகமே தெரியாமல் சுடுபவன் மற்றதில் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். முதல் படத்தைப் பார்த்து எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பாருங்கள். படி 7 தானாகப் பிடிபடும்.

முதல் படம் 1945 பிப்ரவரி 23 அன்று எடுத்த புகழ்பெற்ற கொடியேற்றும் புகைப்படத்தைச் சுற்றிய கதை. நாயகர்களில் ஒருவர் ஜான் பிராட்லி. படம் வந்து பத்து வருடம் கழித்து, 2016இல், அந்தப் புகைப்படத்தில் இருப்பது பிராட்லி இல்லை என்று அமெரிக்க மரைன் படையே அறிவித்தது. அன்று அதற்கு முன் ஏற்றிய இன்னொரு கொடியில்தான் அவருக்குப் பங்கு இருந்தது. 2019இல் படத்தின் இன்னொரு நாயகரான ரெனே காக்னனின் பெயரும் நீக்கப்பட்டது. எனவே நோட்டில் படம் வெளியான ஆண்டையும் எழுதிவையுங்கள். அன்றைக்கு யாருக்கும் தெரியாத ஒன்றை இயக்குநரின் பிழைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.